காவல் காமிராவுக்கு முன்னே பாட்டரிக் கணக்கு

பம்ப்செட் கொட்டகையில் கேபிள் திருடு போவது பல கிராமங்களில் வழக்கமான பேச்சாகி விட்டது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ஸ்டார்ட்டர் வரை செல்லும் கேபிளை இரவோடு இரவாக வெட்டிச் சென்று, மேலுறையை எரித்துவிட்டு, உள்ளே இருக்கும் செம்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு விடுகிறார்கள். திருடியவனுக்குக் கிடைப்பது கொஞ்சம். பறிகொடுத்தவருக்கோ புதுக் கேபிள், மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, மோட்டார் ஓடாத நாட்களில் வாடிப்போகும் பயிர் என்று நஷ்டம் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. பட்டியில் ஆடு, தோப்பில் தேங்காய், மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றி என்று மற்றத் தொல்லைகளும் உண்டு.

இந்த நிலையில் காவல் காமிரா வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணி, இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளும் அதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடைக்குப் போகிறவர்கள் படம் எவ்வளவு தெளிவாக விழுகிறது, எத்தனை தூரம் தெரிகிறது, கைப்பேசியில் வருமா என்றுதான் கேட்கிறார்கள். அதற்குத் தீனி போடப்போகும் பாட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. வீட்டு வாசலில் வைக்கும் காமிராவுக்குச் சுவரில் பிளக் இருக்கிறது. வயலில் வைக்கும் காமிராவுக்குப் பாட்டரிதான் உயிர். அது நின்ற இரவில் காமிரா வெறும் பொம்மை. எனவே காமிராவைப் பின்னால் பார்க்கலாம், முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

எவ்வளவு தின்கிறது?

மாட்டுக்கு எவ்வளவு தீவனம் என்று தெரியாமல் யாரும் மாடு பிடிப்பதில்லை. அதுபோலக் காமிரா ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. காமிராவின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். அதை மணிக்கணக்கால் பெருக்கினால் வாட்-மணி.

உதாரணமாக, சிம் கார்டு போட்டு 12 வோல்ட்டில் ஓடும் ஒரு காமிரா பகலில் 4 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இருட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அப்போது 8 வாட் ஆகிவிடும். பகல் 12 மணிக்கு 48, இரவு 12 மணிக்கு 96. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 144 வாட்-மணி. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 12 ஆம்பியர்-மணி. இதுதான் அதன் ஒரு நாள் தீவனம்.

இப்போது கடையில் செட்டாக விற்கும் சாமானைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றும், 20 வாட் சூரியத் தகடு ஒன்றும் இருக்கும். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், கையில் எடுக்கக்கூடியது 42 தான். இரவில் 8 வாட் வீதம் போனால் இது 5 மணி நேரம் வரும். மாலை 6 மணிக்கு இருட்டினால் இரவு 11 மணிக்கெல்லாம் பாட்டரி தன் பங்கைக் கொடுத்து முடித்துவிடும். கேபிள் திருடன் 11 மணிக்கு முன்னால் வருவதில்லை. பாட்டரி கெட்டாலும் பரவாயில்லை என்று கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாலும் விடியற்காலை நான்கரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் அந்த 20 வாட் தகடு எவ்வளவு தரும்? நமது பகுதிகளில் நல்ல வெயில் நாளில் தகடு முழு வேகத்தில் வேலை செய்வதற்குச் சமமான நேரம் 4 மணியிலிருந்து 5 மணி. நான்கு மணி என்றே கொள்வோம். 80 வாட்-மணி வருகிறது. அதில் தூசி, சூடு, கம்பி, பாட்டரி என்று சுமார் 30 சதவிகிதம் கழிந்துபோக, மிஞ்சுவது 56. தேவையோ 144. வரவு 56, செலவு 144 என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? முதல் வாரம் நன்றாக ஓடி, இரண்டாவது வாரம் காமிரா நின்றுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதன் காரணம் பல இடங்களில் இதுதான். காமிராவில் கோளாறு இல்லை.

இன்னொரு கண்கட்டு வித்தையும் நடக்கிறது. காமிராவுக்குள்ளேயே லித்தியம் பாட்டரி வைத்து விற்கும் பெட்டிகளின் மேல் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 20 ஆயிரம் என்றதும் மலைப்பாக இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் 20 ஆம்பியர்-மணி, அதுவும் 3.7 வோல்ட்டில். பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணிதான். முன்னே சொன்ன சின்னப் பாட்டரியின் 84-ஐ விடவும் குறைவு. லித்தியத்தைப் பாதிக்குமேல் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனாலும் ஆம்பியரை மட்டும் வைத்து ஒப்பிடக்கூடாது. வாட்-மணி என்ன என்று கேட்க வேண்டும்.

சரியான அளவு

மேலே சொன்ன காமிராவுக்கு, வெயில் இல்லாமல் மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், தேவை 36 ஆம்பியர்-மணி. பாதிதான் எடுக்கலாம் என்பதால் ஈய-அமிலப் பாட்டரியில் 72 வேண்டும். கடையில் கிடைப்பது 75 அல்லது 80. தகடு, நல்ல வெயிலுக்கு 50 வாட் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மணி வெயில் கிடைப்பதே அரிது. அதோடு காலியான பாட்டரியையும் நிரப்பியாக வேண்டும். ஆகையால் 100 வாட் தகடு போடுவதே நல்லது. தகட்டின் விலை முன்போல் இல்லை. அதில் மிச்சம் பிடித்துப் பாட்டரியைச் சாகடிப்பது நஷ்டக் கணக்கு.

எந்தப் பாட்டரி என்பதிலும் கவனம் வேண்டும். டிராக்டரில் கிடந்த பழைய பாட்டரியைத் தூக்கி வைப்பது நம்மவர் வழக்கம். டிராக்டர் பாட்டரி, எஞ்சினைக் கிளப்ப ஒரு சில விநாடி மட்டும் பெரும் ஓட்டம் கொடுப்பதற்கென்று மெல்லிய தட்டுகளால் செய்யப்பட்டது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பகலில் மீண்டும் ஏறும் வேலைக்கு அது லாயக்கில்லை. சில மாதங்களில் தட்டு உதிர்ந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பாட்டரியே இதற்கு ஏற்றது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை இப்போது பரவி வருகிறது. விலை கூடுதல், ஆனால் கொள்ளளவில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எடை குறைவு, ஆயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். உள்ளே பாதுகாப்பு மின்பலகை இருக்கிறதா, சார்ஜ் கன்ட்ரோலர் அந்த வகைக்கு ஒத்துப்போகுமா என்று கேட்டு வாங்க வேண்டும். பத்து வருடக் கணக்குப் போட்டால் இது கட்டுபடியாகும் என்றே நினைக்கிறேன். இந்த வருடப் பணம் இந்த வருடமே இடிக்கும் சிறு விவசாயிக்கு டியூபுலரே போதும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, அதில் அடாப்டர் செருகி மறுபடி 12 வோல்ட் ஆக்கும் வேலையைச் சில எலக்ட்ரீஷியன்கள் செய்கிறார்கள். இது மூக்கைச் சுற்றித் தொடுவது. காமிரா தின்பதைவிட, சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் தன் கூலியாக எடுத்துக்கொள்வது அதிகமாகிவிடும். 12 வோல்ட் காமிராவை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து நேராகவே ஓட்ட வேண்டும்.

நேராக என்றால் அப்படியே முறுக்கிக் கட்டிவிடுவது என்று அர்த்தமில்லை. 12 வோல்ட் பாட்டரி எப்போதும் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. முழுதும் நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6 அல்லது 12.7, பாதி தீர்ந்தால் 12.2, சூரியத் தகடு ஏற்றும்போது 14.4 வரை போகும். பல காமிராக்கள் 12 வோல்ட்டுக்கு மேலும் கீழும் பத்து சதவிகிதம், அதாவது 10.8 முதல் 13.2 வரைதான் தாங்கும். உச்சி வெயிலில் 14.4 நாள்தோறும் பாய்ந்தால் ஒரு நாள் சுட்டுவிடும். ஆகவே நடுவே, உள்ளே எது வந்தாலும் வெளியே 12 வோல்ட்டாக நிறுத்தித் தரும் சிறிய டிசி கன்வெர்ட்டர் ஒன்றைப் போட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். இதைப் போடாமல் சில ஆயிரம் ரூபாய்க் காமிராவைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

கம்பியின் நீளமும் முக்கியம். பாட்டரி கொட்டகையில், காமிரா 50 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் என்றால், போக 50, வர 50 என்று 100 மீட்டர் கம்பி. முக்கால் சதுர மில்லிமீட்டர் மெல்லிய செம்புக் கம்பியில் இரவு ஓட்டத்துக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். பகலில் நன்றாக ஓடும் காமிரா, இருட்டி விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து கிளம்பினால், கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பாட்டரியைக் காமிரா அருகிலேயே வைப்பது அதைவிட மேல்.

அருகில் வைத்தால் பாட்டரியையே தூக்கிப் போய்விடுவானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கேபிள் செம்பைப் போலப் பாட்டரி ஈயத்துக்கும் விலை உண்டு. காவலுக்கு வைத்த பொருளுக்கே காவல் வைக்க வேண்டிய காலமிது! கம்பத்தின் அடியில் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பூட்டலாம். கம்பத்தின் மேலேயே இரும்புக் கூண்டு பற்றவைத்தும் விடலாம். எதுவானாலும் தகரப் பெட்டியில் வெயிலில் வேகவிடக்கூடாது. பாட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அமிலப் பாட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பிடிக்கக் கூடியது. ஆகையால் பெட்டிக்குக் காற்றுத் துளை அவசியம். பாட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதை மறக்கக்கூடாது. 12 வோல்ட் மனிதனை அடிக்காதுதான்; ஆனால் எலி கடித்த கம்பி ஒன்றோடொன்று தொட்டால் கூரைக் கொட்டகையைக் கொளுத்திவிடும்.

தூங்கி விழிக்கும் காமிரா

இவ்வளவு செலவா என்று மலைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எப்போதும் விழித்திராமல், உடல் சூடுள்ள மனிதனோ மிருகமோ எதிரே வந்தால் மட்டும் விழித்துப் படம் எடுத்துவிட்டு மீண்டும் தூங்கும் காமிராக்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே பிடிக்கும். காட்டில் புலி எண்ணிக்கை எடுப்பவர்கள் பயன்படுத்துவது இந்த வகையே. 2018-19 கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் இத்தகைய காமிராக்களை வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள் விழுந்தன. நடுக்காட்டில் பிளக் ஏது? சின்ன பாட்டரிகளை நம்பித்தான் அந்த வேலை நடந்தது.

ஆனால் நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு குறை உண்டு. சுற்றியுள்ள சூட்டுக்கும் உடல் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே இது விழிக்கிறது. சித்திரை, வைகாசியில் தரையும் காற்றும் 37 டிகிரியை நெருங்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கி, காமிரா மந்தமாகிவிடும். ஆள் மிக அருகில் வந்தால்தான் தெரியும். இரவு குளிர்ந்த பிறகு சரியாகிவிடுவதால் கேபிள் காவலுக்குப் பாதகமில்லை. பகலில் தேங்காய்த் தோப்புக் காவலுக்கு இதை நம்ப முடியாது. விழித்துக்கொள்ள ஓரிரு விநாடி ஆவதால், குறுக்கே ஓடுகிறவனின் முதுகு மட்டும் விழுவதும் உண்டு. அவன் நம்மை நோக்கி நடந்து வரும் பாதைக்கு எதிரே வைத்தால் முகம் விழும்.

எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு காமிரா என்பது சிறு விவசாயிக்கு ஆகாத ஆடம்பரம். நான்கு பேர் நிலத்துக்கும் வண்டிப்பாதை பெரும்பாலும் ஒன்றுதான். கேபிளைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நடக்கலாம், ஆனால் பாதையில் வண்டி நிறுத்தியாக வேண்டும். அந்தப் பாதையின் வாயில் நான்கு பேரும் சேர்ந்து, நல்ல பாட்டரியும் பெரிய தகடுமாக ஒரே ஒரு காமிரா வைத்தால், நான்கு அரைகுறைக் காமிராக்களைவிட அது உழைக்கும். செலவும் கால் பங்கு. நான்கு வீட்டுக் கைப்பேசியிலும் மணி அடிப்பதால், ஒருவர் அயர்ந்தாலும் இன்னொருவர் எழுந்திருப்பார். பங்காளிச் சண்டை இருக்கும் இடத்தில் இது நடக்காது என்பார்கள். பொதுக் கிணற்றில் முறை வைத்து நீர் இறைத்தவர்கள்தானே நாம்?

மோட்டார் தொட்டிக்கு எதிரே காமிரா வைக்கக்கூடாது. பம்ப்செட்டில் குளிப்பதும் துவைப்பதும் நம் பெண்களின் அன்றாட வழக்கம். நம் வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்களும் அங்கேதான் கை கால் கழுவுகிறார்கள். அறியாமல் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாதபடி ஊரில் பகை வந்துவிடும். பெண்களை அவர்கள் சம்மதமின்றி அந்தரங்க நிலையில் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றமாகும். காமிராவைக் கொட்டகைக் கதவையும் ஸ்டார்ட்டரையும் மட்டும் பார்க்கும்படி திருப்பி, வேலைக்கு வருகிறவர்களிடம் இன்ன இடத்தில் காமிரா இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பெட்டியோடு வரும் ரகசிய எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனோ ஒருவன் எங்கிருந்தோ பார்ப்பான்.

திருடன் படத்தில் விழுந்துவிட்டால் போதும், வழக்கு வென்றதாகிவிடும் என்பதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பதற்குச் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. பாட்டரி இறங்கிக் காமிரா நின்று நின்று ஓடினால், சில வகைகளில் உள்ளிருக்கும் கடிகாரமும் குழம்பி, தேதி தப்பாக விழும். தேதி தப்பான படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். சம்பவம் நடந்ததும் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தாவிட்டால், சில நாட்களில் அதன் மேலேயே புதுப்படம் ஏறிவிடும்.

பன்றிக்காக வைப்பவர்களுக்கு ஒரு சொல். காமிரா பன்றியை விரட்டாது; எந்த வழியாக, எத்தனை மணிக்கு நுழைகிறது என்று காட்டும். அந்த வழியை அடைப்பது நம் வேலை. இது மெதுவான வழி என்று அலுத்து, லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் கரண்ட் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இதே மாதிரி வேலியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் மாண்டிருக்கிறார்கள். பாட்டரிக் காமிராவுக்கு ஆகும் செலவை இதனோடு வைத்துத்தான் எடை போட வேண்டும்.

அரசு செய்யக்கூடியது

சூரிய பம்ப்செட்டுகளுக்கு 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் மானியம் தரப்படுகிறது. 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுக்கு வைக்கும் தகடுகள் ஏறக்குறைய 5,000 வாட். தண்ணீர் தேவைப்படாத நாட்களில் அவ்வளவும் சும்மா வெயில் காய்கின்றன. பக்கத்திலேயே 100 வாட் தகடு தனியாக வாங்கி மாட்டும்படி விவசாயியை விடுவது என்ன நியாயம்? தகட்டு மின்சாரத்தைத் தீவனம் வெட்டும் இயந்திரத்துக்கும் மாவு மில்லுக்கும் பயன்படுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. அதில் 12 வோல்ட் பாட்டரி ஏற்ற ஒரு முனையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வேளாண்மைப் பொறியியல் துறை கேட்டு வாங்கித் தரலாம். அதுவரை யாரும் தாங்களாக அந்தத் தகட்டில் கை வைக்கக்கூடாது. அவை வரிசையாக இணைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகின்றன, தொட்டால் ஆளைக் கொன்றுவிடும். இலவச மின்சார இணைப்பும் நீர் இறைப்பதற்குக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து காமிராவுக்கு எடுக்க எண்ணுகிறவர்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே முறை.

கடைக்காரர்களையும் ஒன்று கேட்க வேண்டும். இரவில் இத்தனை வாட், பாட்டரி இத்தனை வாட்-மணி, வெயிலில்லாமல் இத்தனை மணி நேரம் ஓடும் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடலாம்.

வாங்கி வைத்தவர்கள், பத்து நாளுக்கொரு முறை தகட்டை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தெற்குப் பார்த்து, மழைநீர் வழியும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வு இருந்தால் போதும். அமிலப் பாட்டரிக்கு மாதம் ஒரு முறை மூடி திறந்து பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் கூடாது. மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, தகட்டில் வெயில் விழுமுன், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12.2-க்கு மேல் காட்டினால் பாட்டரி இரவைச் சுகமாகக் கடந்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்கியிருந்தால், தகட்டின் மேல் ஏதாவது மரக்கிளை நிழல் விழுகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கவும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்குவதால், இந்தச் சோதனையைப் புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை கட்டாயம் செய்து, கிளையை அப்போதே வெட்டிவிடுவது நல்லது.